உப்பு முறை

நடுத்திட்டுக் குப்பத்தில் எதுவுமே முறை வைத்துத்தான் நடக்கும். பழவேற்காடு ஏரியில், முகத்துவாரத்தை ஒட்டி, இறால் கொட்டுகிற இடம் ஒன்று உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஊரே ஒரே நாளில் அங்கே போய் வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் தேறாது, அடிதடிதான் மிஞ்சும். ஆகவே சித்திரை பிறந்ததும் சீட்டுக் குலுக்கி, இன்ன வீட்டுக்கு இன்ன நாள் என்று பிரித்துவிடுவார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு வீடு, ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஏழு நாளைக்கு ஒரு தடவை சுற்று வரும். இந்தப் பழக்கம் தண்ணீரோடு நின்றதா என்றால் இல்லை. கருவாடு காயப்போடும் களத்துக்கு முறை, கங்கையம்மன் கோயில் விளக்குக்கு முறை, தெருக்குழாய்க்கு முறை. இவர்களுக்குக் காய்ச்சல்கூட சீட்டுப் போட்டுத்தான் வரும் என்று பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். நடுத்திட்டில் பாடு விஷயமாக இதுவரை ஒரு மண்டை உடைந்ததில்லை.

அப்படிப்பட்ட ஊருக்குள்தான் போன கார்த்திகையில் இளமதி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பொன்னேரிப் பக்கத்துப் பெண். அப்பா சுப்பிரமணிக்கு நாலு ஏக்கர் நெல்வயல். இவளோ ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ஏரிக்கரைக் குப்பங்களில் ஐம்பது வயது தாண்டுவதற்குள் இத்தனை பேருக்குக் கை கால் விழுந்துவிடுகிறதே, ஏன் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். காலையில் பழைய சோறும் கருவாடும், மத்தியானம் மீன் குழம்பு, ராத்திரி அதே குழம்பைச் சுண்டவைத்து. இதில் உடம்புக்குள் போகிற உப்பை மட்டும் எடுத்து ஒரு பக்கம் குவித்தால் பார்க்கிறவர்களுக்கு மயக்கம் வரும் என்று சொன்னாள். உப்பைக் குறை என்று கடலோரத்துக்காரனிடம் சொன்னால் கேட்பானா? அதனால் அவள் வேறு உப்பு கொண்டு வந்திருந்தாள். வழக்கமான உப்பில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசிய உப்பைக் கலந்தது. ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஊரில் பாதி வீடு இதைச் சாப்பிட வேண்டும், மீதி வீடு எப்போதும்போல் கடை உப்பைச் சாப்பிட வேண்டும். ஒரு வருஷம் கழித்து யாருக்கு அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது. யாருக்கு எது என்பதைச் சீட்டுத்தான் முடிவு செய்யும்.

மற்ற ஊர்களில் இந்தச் சீட்டு விஷயத்தைப் புரியவைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிடும். உனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுக்கிறாயா என்று சண்டைக்கு வருவார்கள். நடுத்திட்டில் சீட்டு என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுமே ஊர்த்தலைவர் சந்திரமோகன் தலையாட்டினார். பாட்டுக்குக் குலுக்குகிற அதே செம்பைத் தானே போய் எடுத்து வந்தார். அரை மணியில் இருபது வீட்டுக்கு உப்பு டப்பா போய்ச் சேர்ந்தது. இளமதிக்கு வந்த சந்தோஷத்தில் அன்று குப்பத்தில் ஈஸ்வரி என்கிறவள் வீட்டில் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இத்தனை சுலபமாக ஒரு ஊருக்கு ஒரு விஷயம் புரிகிறதென்றால் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சின்னப் பெண், படவில்லை.

நடுத்திட்டுக்காரர்களுக்குச் சீட்டு என்றால் யார் முதலில் என்பதற்கு மட்டும்தான். உனக்கு ஒரு வருஷத்துக்கு இல்லவே இல்லை என்று சொல்கிற சீட்டை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பதினைந்து நாள் ஆனதும் இருபது டப்பாவும் அடுத்த வீடுகளுக்குக் கை மாறின. இன்னும் பதினைந்து நாளில் திரும்பி வந்தன. இதை இளமதியிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விடிந்தது என்று யாராவது ஆள் அனுப்பிச் சொல்வார்களா? மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்க்க வந்தவள், தாறுமாறாக ஏறி இறங்குகிற எண்களைப் பார்த்து மெஷின்தான் கெட்டுவிட்டது என்று புதுசு வாங்கிக்கொண்டு வந்தாள்.

நாற்பத்திரண்டில் ஒரே ஒரு வீட்டுப் பெயர் மட்டும் அந்தச் செம்பில் விழவில்லை. அது துலுக்காணத்தின் வீடு. சீட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, இளமதி அவனை மட்டும் தனியாகப் படகு நிழலுக்கு அழைத்துப் போய் என்னவோ பேசினாள். வீட்டுக்கு வந்தவனிடம் அவன் பெண்சாதி கோவிந்தம்மா விசாரித்தாள். நம்ம வீட்டுக்குச் சீட்டு கிடையாதாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். அவன் எப்போதுமே அப்படித்தான். ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை வரும். அந்த வீட்டில் மீதிப் பேச்சையெல்லாம் பேசுவது கோவிந்தம்மாதான். முப்பத்தொரு வருஷமாகப் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கூடை சுமக்கிறவள், வாய் இல்லாவிட்டால் அங்கே ஒரு நாள் தாங்க முடியாது.

அவளுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஊரெல்லாம் நல்ல உப்பைத் தின்ன, தன் வீடு மட்டும் என்ன பாவம் செய்தது? மார்கழியில் ஊர்க்கூட்டம் நடந்தபோது மற்றப் பெண்கள் ஓரமாக நின்று முணுமுணுக்க, இவள் மட்டும் நேராக நடுவில் போய் நின்றாள்.

"எங்க ஊட்டு ஆம்பள பாட்டுக்கு வர்ல? குப்பத்து வரி நாங்க குடுக்கல? கோயில் வெளக்கு எங்க மொறையில எரியாம போச்சா? அப்பறம் உப்புக்கு மட்டும் இன்னாத்துக்கு எங்க ஊட்டத் தள்ளி வெக்கறீங்க?" என்று கேட்டாள்.

சந்திரமோகனுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. பாடு இருக்கிற வீட்டுக்கு முறை இல்லை என்றால் ஊர் நியாயம் என்னாவது? தை பிறந்ததும் முதல் டப்பா கோவிந்தம்மா வீட்டுக்கு என்று தீர்ந்தது. அடுத்த வீட்டு ஈஸ்வரி, துலுக்காணத்தின் தங்கை, அவள் கையில்தான் அப்போது டப்பா இருந்தது. நாத்தனாரிடமிருந்து அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கோவிந்தம்மா தெருவழியே நடந்து வந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே. துலுக்காணம் டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவளையும் பார்த்தான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

நல்ல உப்புதானே, கூடப் போட்டால் கூட நல்லது என்று அவள் குழம்பில் ஒரு சிட்டிகை ஏற்றியே போட்டாள். தையில் ஒரு முறை, மாசியில் ஒரு முறை, பங்குனிக் கடைசியில் மூன்றாவது முறை. வெயில் ஏறிவிட்டது. மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது அவனுக்கென்று தினமும் இரண்டு இளநீர் வெட்டி வாங்கி வந்தாள். சர்க்காரு ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரஷர் மாத்திரையை அவனும் தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் இடுப்பளவுத் தண்ணீரில் அரை நாள் அசையாமல் நிற்கிற மனுஷன், படகுக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தான். கால் இரண்டும் ஈரச் சாக்கு கட்டினாற்போல் இருக்கிறது என்றான். வெயில் பேஜாரு என்று சொல்லி அவள் மூன்றாவது இளநீரும் சேர்த்து வாங்கினாள்.

இளமதி அழுத்தம் பார்க்கிற நாள் வந்தது. நம் பெயர்தான் பட்டியலில் இல்லையே என்று அதுவரை ஒரு தடவையும் போகாதவனை, அன்று கோவிந்தம்மாதான் கையைப் பிடித்து ஏலக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். காலை ஒன்பது மணி. இறால் ஏலம் முடிந்து தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். துலுக்காணம் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினான். பட்டை இறுகி, காற்று இறங்கி, மெஷினில் எண் வந்தது. அழுத்தம் சுமார்தான். அதற்குக் கீழே நாடித்துடிப்பு முப்பத்தாறு என்று காட்டியது.

மெஷின் மேல் ஏற்கெனவே சந்தேகம் உள்ளவள், மறுபடி பார்த்தாள். முப்பத்தைந்து. மெஷினைத் தள்ளிவிட்டு அவன் மணிக்கட்டில் விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க நின்றாள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, ஐயா இப்போ இன்னா சாப்புடறாரு?"

"எல்லாரும் துன்றதுதான். மீனு, கருவாடு, வெயிலுக்கு எளநீ," என்றாள் கோவிந்தம்மா. பிறகு பெருமையாகவே சொன்னாள்: "ஒன்னோட உப்புதாம்மா போட்டுக்கினு கீறேன். இது மூணாவது மொற."

இளமதியின் முகத்தில் ரத்தம் வற்றியதை அங்கே இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். முறை என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லிலேயே ஐந்து மாத எண்களும் அவளுக்கு விளங்கிவிட்டன. ஆனால் அதைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரமில்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நடக்க விடாதீங்க, தூக்குங்க என்றாள். நூற்றெட்டுக்குப் போன் போட்டால் வண்டி பொன்னேரியிலிருந்து வர வேண்டும். சந்திரமோகனின் குட்டியானை வண்டி மீன் பெட்டி ஏற்றி வாசலில் நின்றது. பெட்டிகளை அப்படியே தரையில் தள்ளிவிட்டு, ஈரப் பலகையில் ஒரு பாயை விரித்து அவனைப் படுக்கவைத்தார்கள். அன்றைய இறால் வெயிலில் கிடந்து வெளுத்துப் போனது. அதைப் பற்றி இன்று வரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வழியெல்லாம் இளமதி அவன் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசிக்கொண்டே வந்தாள். கிட்னி ஏற்கெனவே பலவீனம், உடம்பில் பொட்டாசியம் ஏறியிருக்கும், இதயம் நிற்பதற்குள் ஊசி தயாராக இருக்க வேண்டும் என்று அவள் சொன்னது கோவிந்தம்மா காதிலும் விழுந்தது. புருஷன் விஷயத்தில் கிட்னி என்ற சொல்லை அவள் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். பொன்னேரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த டாக்டர் பேச்சே இல்லாமல் ஊசி போட்டார். அங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி. அன்று சாயங்காலமே ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் போட்டார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று ஒரு நர்ஸ் ஆரம்பித்து, கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டாள்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட்டில் இருந்த மகன் மதன் போட்ட யூனிபாரத்தோடு ஓடி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். வராந்தாவில் கோவிந்தம்மா இளமதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இளமதி அப்போதுதான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். மற்றவர்களுக்கு நல்லது செய்கிற உப்பு, கிட்னி கெட்டவர்களுக்கு விஷம். அந்தப் பொட்டாசியத்தை வெளியே தள்ள அந்த உடம்பால் முடியாது. இளநீர் அதற்கு மேல். அதனால்தான் உங்கள் வீட்டைச் சீட்டில் சேர்க்காமல் விட்டேன் என்றாள்.

"நாந்தான் நடுக்கூட்டத்துல நின்னு கேட்டு வாங்கினு வந்தேன். நாந்தான் கையால அள்ளிப் போட்டேன்," என்றாள் கோவிந்தம்மா. அழுகை வரவில்லை. அழக்கூட உரிமை இல்லாதவள்போல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடதுமா. எந்த ஊட்ட எதுக்கு உட்டேன்னு உங்களுக்குப் புரியறாப்புல சொல்லியிருக்கணும். சீட்டுன்னா உங்க ஊர்ல இன்னான்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கலியே," என்றாள் இளமதி. அவளுக்குத்தான் கண் நிறைந்து வழிந்தது. படித்த பெண் இப்படித் தரையில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்ததும் கோவிந்தம்மாவுக்கும் உடைந்துவிட்டது. அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் தெரியாமல் கொல்லப் பார்த்தவள் நான், நாடியைப் பிடித்துக்கொண்டே வந்து காப்பாற்றிய மகராசி நீ, உன் காலைத் தொட்டுக் கும்பிடணும்மா என்றாள். இளமதி காலை இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நாடி அறுபத்தெட்டுக்கு வந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாதம் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், இனி இளநீர் கிடையாது, சாப்பாட்டில் எந்த உப்பும் சேர்க்கக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார்கள்.

அதே வாரத்தில் இளமதி நடுத்திட்டுக்கு வந்து இருபது டப்பாவையும் திரும்ப வாங்கினாள். ஏலக் கொட்டகையில் ஊரைக் கூட்டி, நடந்ததை மறைக்காமல் மேலே எழுதிவிட்டதாகவும், இந்த ஊரில் ஆராய்ச்சி நின்றுவிட்டதாகவும், ஐந்து மாதமும் வீண்தான் என்றும் சொன்னாள். யாரையும் குறை சொல்லவில்லை. பெண்களுக்குத்தான் தாங்கவில்லை. முதலில் ஈஸ்வரி எழுந்தாள். எதற்கு வீணாகப் போகிறது, எந்த டப்பா எந்த வீட்டில் எந்த நாள் இருந்தது என்று எங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். பாட்டு முறையைத் தலைமுறை தலைமுறையாக மனசில் வைத்திருக்கிறவர்களுக்கு இருபது டப்பா ஒரு பெரிய விஷயமா? ஒவ்வொருத்தியாக வந்து நாளும் வீடும் சொல்லச் சொல்ல, இளமதி மூன்று மணி நேரம் எழுதினாள். ஒருத்தி சொன்னதை அடுத்தவள் ஒரு இடத்தில்கூட மறுக்கவில்லை. டப்பா வீட்டில் இருக்கும்போது அழுத்தம் இறங்கியதும், இல்லாதபோது ஏறியதும் அவள் நோட்டில் நாளோடு பொருந்திக்கொண்டே வந்தது. இதை ஏற்றுக்கொள்வார்களா மாட்டார்களா என்று தெரியாது, ஆனால் இப்படி ஒரு ஊர் இனி எனக்குக் கிடைக்காது என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சந்திரமோகன் கடைசியாக ஒன்று சொன்னார். துலுக்காணம் தேறி வருகிற வரைக்கும் அவன் முறை நாளில் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து அவன் வலையைக் கட்டுவார்கள், பாட்டில் அவன் பெயர் அப்படியேதான் இருக்கும் என்றார்.

மத்தியானம் கோவிந்தம்மா அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்து, அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். துலுக்காணம் பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டான்.

"பேர எடுக்கல?"

"ஏன் எடுக்கப் போறாங்க?"

அவன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். பிறகு, "எனக்குத் தெரியும்மே," என்றான்.

"இன்னா தெரியும்?"

"அந்த உப்பு எனக்கு ஆவாதுன்னு. அந்தப் பொண்ணு படகாண்ட கூப்ட்டுச் சொல்லிச்சே, அன்னிக்கே. கிட்னி வீக்கா கீது, இத்த நீங்க தொடவே கூடாதுன்னு."

கோவிந்தம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள். "தெரிஞ்சுகினேவா துன்ன?"

"கெட்ட கிட்னிக்காரன்னு தெரிஞ்சா பாட்டுலேந்து தள்ளிடுவாங்கன்னு பயம். அத்தொட்டு உங்கிட்டகூட சொல்லல. சரி, டப்பாதான் நம்ம ஊட்டுக்கு வராதேன்னு இருந்தேன்." பேசிப் பழக்கமில்லாதவன், மூச்சு வாங்கி நிறுத்தினான். "அப்பால நீ போயி கூட்டத்து நடுவுல நின்ன. எங்க ஊட்டு ஆம்பளன்னு கேட்ட. நான் அந்தாண்ட வண்டி மறைவுல நின்னுக்கினு இருந்தேன். எனக்காவ யாருமே இதுவரிக்கும் ஒரு வார்த்த கேட்டது இல்லமே. எங்க நைனாகூட கேட்டது இல்ல. நீ டப்பாவ இடுப்புல வெச்சுக்கினு வர்ற. ஒம் மூஞ்சியப் பாத்தேன். அத்தப் போயி கொட்டுன்னு நான் எப்டி சொல்லுவேன்? இத்தினூண்டு உப்பு இன்னா பண்ணிடும்னு துன்னுட்டேன்."

பத்து நாளாகத் தன் கையைத் தானே சபித்துக்கொண்டிருந்தவள் கோவிந்தம்மா. அவளுக்குள் கோபம் வந்தது, அதற்குப் பின்னாலேயே வேறென்னவோ வந்து அந்தக் கோபத்தை மூழ்கடித்தது. முப்பத்தொரு வருஷத்தில் தான் செய்த ஒன்றுக்கு அவன் இப்படி நன்றி வைத்திருப்பான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அந்த நன்றியே அவனைக் கொண்டுபோக இருந்தது. ஊசி குத்திக் கறுத்திருந்த கையைத் தவிர்த்து, இன்னொரு தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டே அழுதாள். அவன் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

அழுது முடித்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே எனக்காவ எதையும் துன்னாதய்யா. ஆவாதுன்னா ஆவாதுன்னு வாயத் தொறந்து சொல்லு. எனக்கு நீ இருந்தா போதும்."

துலுக்காணம் சரி என்று தலையாட்டினான். குழம்புச் சோற்றை உருட்டி ஒரு வாய் போட்டு மென்றான். மெல்ல மெல்ல முகம் கோணியது. அவளை ஒரு தடவை பார்த்தான், கொஞ்சம் தயங்கினான்.

"சப்புன்னு கீதுமே," என்றான்.

கோவிந்தம்மா இன்னொரு தட்டை எடுத்தாள். அதே உப்பில்லாத குழம்பைத் தனக்கும் ஊற்றிக்கொண்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வாய் தின்று பார்த்தாள்.

"ஆமாய்யா," என்றாள், "சப்புன்னுதான் கீது." கங்கையம்மா, இந்தக் குறையைச் சொல்ல இவனை உயிரோடு உட்காரவைத்தாயே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.